எழுந்து போகும் பிள்ளைக்கு இரண்டு காரணங்கள்

மூன்றாம் வகுப்பு, காலை பத்தரை மணி, கணக்குப் பாடம். நாற்பது பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் எழுந்து கதவுப் பக்கம் போகிறான். ஆசிரியர் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி எழுந்துவிடுகிறான். மாலையில் அவனுடைய டைரியில் ‘இடத்தில் உட்காருவதில்லை, சொல்வதைக் கவனிப்பதில்லை’ என்று ஒரு வரி வீட்டுக்குப் போகிறது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பையனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிடலாம். மற்ற முப்பத்தொன்பது பேரின் காதும் அதை எப்போதோ மறந்திருக்கும். அவனுக்கு மட்டும் அது காதுக்குள் ஊசி குத்துவதுபோல விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்படியானால் அவன் அந்தச் சத்தத்தைவிட்டு விலகிப் போகிறான். அல்லது விசிறியில் ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கலாம். மூன்றாவது கணக்கிலேயே மனம் கழன்றுகொள்ள, உட்கார முடியாத உடம்பு எழுந்து நடக்கிறது. முதலாவது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் புலன் மிகையுணர்வு. இரண்டாவது, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்க நிலை. ஒரே பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதும், அது அபூர்வம் அல்ல என்பதும் இன்று ஐயமில்லாமல் தெரிந்த செய்தி. இருந்தும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் முதலில் எழுவது ‘இதுவா, அதுவா’ என்ற கேள்விதான். அந்தக் கேள்வியே பிழையானது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அது பிள்ளைகளைப் பார்த்துப் பிறந்த கேள்வி அல்ல. வகைப்படுத்தும் புத்தகத்திலிருந்து வந்தது. இரண்டு நிலைகளையும் மருத்துவம் தனித்தனி வழியில்தான் கண்டுகொண்டது. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் தவித்த 43 பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர், பிறரோடு உறவாடுவதில் வேறுபட்டிருந்த 11 பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். பிறகு இரண்டு துறைகளும் வெவ்வேறு மருத்துவர்கள், வெவ்வேறு கேள்வித்தாள்கள், வெவ்வேறு பெற்றோர் சங்கங்கள் என்று பிரிந்தே வளர்ந்தன. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கும் டி.எஸ்.எம். என்ற அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பு 1994இல் வெளிவந்தபோது இந்தப் பிரிவு அதில் ஒரு விதியாகவே இருந்தது. ஆட்டிசம் வகையைச் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாட்டின் போக்கில் தோன்றும் கவனச் சிதறலையும் நிலைகொள்ளாமையையும் ஏ.டி.எச்.டி. என்று தனியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காய்ச்சல்காரனுக்கு உடம்பு சுடுவதைத் தனி நோயாக எழுதுவதில்லையே! ஆனால் காய்ச்சல் உள்ள எல்லோருக்கும் உடம்பு சுடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏ.டி.எச்.டி. இல்லை. சிலருக்கு இருந்து பலருக்கு இல்லாத ஒன்றை, எல்லோருக்கும் பொதுவான நிலையின் விளைவு என்று எப்படிச் சொல்வது? 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது வகைப்பாட்டிலும் இப்போது இரண்டையும் சேர்த்துப் பதியலாம். விதி போய்விட்டது. ஆனால் அது இருந்த ஆண்டுகளில் படித்துத் தேறியவர்கள்தான் இன்றைய மூத்த மருத்துவர்கள், உளவியலாளர்கள், சிறப்பு ஆசிரியர்கள். பழக்கம் விதியைவிட நீண்ட ஆயுள் கொண்டது.

தடை இருந்த காலத்திலேயே சில ஆய்வாளர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். எமிலி சிமனாஃப் தலைமையில் பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் உள்ள 10 முதல் 14 வயது வரையிலான 112 பிள்ளைகளை ஆராய்ந்தது. அவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருந்தது. 2019இல் மெங்-சுவான் லாய் குழுவினர் 96 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதும் கிடைத்த எண் அதே 28 சதவீதம். பொதுவாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. ஏறத்தாழ 5 சதவீதம் என்பது உலக அளவிலான கணக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, தற்செயலாகத்தான் சேர்கின்றன என்றால், ஆட்டிசம் உள்ள நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்குத்தான் ஏ.டி.எச்.டி. இருக்க வேண்டும், இருப்பதோ இருபத்தெட்டுப் பேருக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இப்படித்தான். ஏ.டி.எச்.டி. உள்ள எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசமும் கண்டறியப்பட்டிருப்பதாக அமெரிக்காவில் பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பு சொல்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் பயன்படும் கேள்வித்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நேரில் பேசும்போதுகூடக் கேட்காததுபோல் இருக்கிறானா, மற்றவர் பேச்சில் குறுக்கிடுகிறானா, விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா? ஒரே நடத்தைக்கு இரண்டு தாளிலும் மதிப்பெண் விழக்கூடும். அப்படியானால் 28 சதவீதம் என்பது ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதால் வந்த வீக்கம்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மைதான், கேள்வித்தாளை மட்டும் நம்பும் ஆய்வுகள் எண்ணை ஊதிக் காட்டும். ஆனால் இந்த வாதத்தைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, அவனுடைய உடன்பிறப்பைப் பார்ப்பது. ஒருவனின் நடத்தையை இரண்டு முறை எண்ணிவிடலாம். அதனால் அவன் தம்பிக்கு ஏ.டி.எச்.டி. வந்துவிடாது. சுவீடனில் 1987 முதல் 2006 வரை பிறந்த சுமார் 19 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு இதைத்தான் செய்தது. ஆட்டிசம் உள்ளவரின் ஒருகரு இரட்டைக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 18 மடங்கு. இருகரு இரட்டையரிடமும் சாதாரண உடன்பிறப்புகளிடமும் நான்கு மடங்குக்கு மேல். ரத்த உறவு தூரமாகத் தூரமாக அந்த எண் குறைந்துகொண்டே போகிறது. எண்ணும் பிழை இப்படிக் குடும்ப மரத்தின் கிளைகளைப் பார்த்துப் பார்த்து இறங்காது. மரபுதான் இறங்கும்.

வேர் ஒன்றென்றால் இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று அடுத்த கேள்வி வரும். இதற்கான பதில் மரபணு ஆய்வுகளில் கிடைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இரண்டு நிலைகளிலும் சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு இது: ஏழு மரபணு இடங்கள் இரண்டுக்கும் பொதுவானவை, வேறு ஐந்து இடங்கள் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டுபவை. ஆக, கலந்தும் இருக்கின்றன, பிரிந்தும் இருக்கின்றன. அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு செய்தி. இரண்டு நிலைகளும் கண்டறியப்பட்டவர்கள், ஆட்டிசத்துக்கான மரபுச் சுமை, ஏ.டி.எச்.டி.க்கான மரபுச் சுமை ஆகிய இரண்டையுமே தாங்கியிருந்தார்கள். ஆட்டிசம் முற்றியதால் துறுதுறுப்பு கூடிவிட்டது என்பதாக இருந்திருந்தால், ஆட்டிசச் சுமை மட்டும்தான் கூடியிருக்க வேண்டும். பழைய கையேட்டின் தர்க்கம் இந்த இடத்தில் முற்றாக விழுந்துவிடுகிறது.

மரபணு மட்டத்தில் இப்படி இருக்க, வகுப்பறையில் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? ஒன்று மற்றொன்றை மறைப்பதால்தான். ஏ.டி.எச்.டி.யின் வேகத்தில் ஒரு பிள்ளை எல்லோரிடமும் வலியப் போய்ப் பேசும், கேட்காமலே கதை சொல்லும். ‘இவ்வளவு கலகலவென்று பேசுகிறவனுக்கு ஆட்டிசமா’ என்று கேள்வி அங்கேயே முடிந்துவிடும். எதிரே நிற்பவர் பேச ஆரம்பித்ததும் அவன் நகர்ந்துவிடுகிறானா, ஒரே கதையைத்தான் எல்லோரிடமும் சொல்கிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. மறுபுறம், ரயில் கால அட்டவணையோடு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘கவனம் இல்லை என்று யார் சொன்னது’ என்பார்கள். ஏ.டி.எச்.டி.யில் கவனம் இல்லாமல் போவதில்லை. அதைத் திருப்பும் சுக்கான்தான் கைக்கு அடங்குவதில்லை. தனக்குப் பிடித்த ஒன்றில் ஆழ்ந்துபோவது ஆட்டிசத்தின் இயல்பு. அந்த ஆழத்தைக் காட்டி, மற்ற எல்லா இடங்களிலும் சிதறும் கவனத்தை இல்லையென்று சொல்லிவிடுகிறோம். பெண் குழந்தைகளிடம் இந்த மறைப்பு இன்னும் அடர்த்தி. நிலைகொள்ளாமை உடம்பில் தெரியாமல் பகற்கனவாக உள்ளே ஓடும். பேசும் முறையைப் பக்கத்தில் இருக்கும் தோழியைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள். ‘அமைதியான பிள்ளை, கொஞ்சம் மந்தம்’ என்று ஒரு முத்திரையோடு எட்டாம் வகுப்புவரை போய்விடுவார்கள்.

மறைப்பதோடு நிற்பதில்லை, இரண்டும் உள்ளுக்குள் ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. ஆட்டிசம் நேற்றுப்போலவே இன்றும் இருக்கட்டும் என்று கேட்கிறது, ஏ.டி.எச்.டி.க்கு நேற்றைய விஷயம் இன்று சலித்துவிடுகிறது. சிறப்புக் கல்வியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொள்வோம்: பட அட்டவணை. காலை வணக்கம், கணக்கு, தண்ணீர், தமிழ், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். முடிந்ததை எடுத்து உறையில் போட வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல், அடுத்து என்ன வரும் என்ற பதற்றம் அடங்கும். ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்த பிள்ளையிடம் முதல் வாரம் அற்புதமாக வேலை செய்யும். இரண்டாம் வாரம் அவன் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்க மாட்டான். படம் பழகிப்போய்க் கண்ணில் படுவதே இல்லை. சரி, பயன்படவில்லை என்று எடுத்துவிட்டால் அன்று வகுப்பே அதிரும்படி அழுவான், இருந்தது இல்லாமல் போய்விட்டதே! ‘பார்க்கவும் மாட்டேன் என்கிறான், எடுக்கவும் விட மாட்டேன் என்கிறான்’ என்று ஆசிரியர் சலித்துக்கொள்வது இயல்பு. இதைப் பிடிவாதம் என்று எழுதினால் வழி அடைந்துபோகும். இரண்டு தேவைகள் என்று புரிந்துகொண்டால் வழி ஒன்று தெரியும்: சட்டகத்தை மாற்றக் கூடாது, உள்ளே இருப்பதை மாற்றலாம். கணக்கு எப்போதும் இரண்டாவது பாடவேளை, அதே இடம், அதே உறை. ஆனால் கணக்குப் படத்தின் நிறம் வாரம் ஒரு முறை மாறும், ஐந்து கணக்குகளை மூன்று, இரண்டு என்று பிரித்து நடுவில் கரும்பலகையைத் துடைக்க அனுப்பலாம். ஆட்டிசத்துக்கு மட்டும் எழுதப்பட்ட திட்டமோ ஏ.டி.எச்.டி.க்கு மட்டும் எழுதப்பட்ட திட்டமோ இந்தப் பிள்ளையிடம் பாதிதான் பலிக்கும். பல நேரம் எதிர்மறையாகவும் திரும்பும்.

ஒன்றை மட்டும் கண்டுகொள்வதன் விலையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஆட்டிசம் உள்ள ஏறத்தாழ 1,500 பிள்ளைகளின் விவரங்களை அலசியது. ஐந்தில் ஒருவருக்கு முதலில் ஏ.டி.எச்.டி. என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் தெரியவந்தது மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் தாமதமாக. மொழியும் பழகும் திறனும் வேகமாக வளரும் வயதில் மூன்று ஆண்டுகள் என்பது சின்ன இழப்பல்ல. கையில் ஒரு பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே பதிலாகிவிடுகிறது. நம் வீடுகளில் இதற்கு மேல் ‘ஆம்பளப் பிள்ளை அப்படித்தான் இருப்பான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்ளும்.

மருந்து விஷயத்தில் இந்தச் சேர்க்கை இன்னும் நுட்பமானது. ஏ.டி.எச்.டி.க்கு அதிகம் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட், அந்த நிலை மட்டும் உள்ள பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்காவது நன்றாக உதவும். ஆட்டிசமும் மிகை இயக்கமும் சேர்ந்த 72 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் பரிசோதித்து 2005இல் வெளியிட்ட முடிவில், பலன் கண்டவர்கள் 49 சதவீதம். 18 சதவீதத்தினர், பெரும்பாலும் எரிச்சல் அதிகமானதால், பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இதை வைத்து ‘ஆட்டிசப் பிள்ளைக்கு இந்த மருந்தே ஆகாது’ என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, பாதிப் பேருக்கு உதவிய மருந்தை முன்கூட்டியே மறுப்பது நியாயமில்லை. ‘ஏ.டி.எச்.டி.தானே’ என்று வழக்கமான அளவில் ஆரம்பித்து, பிள்ளை சிடுசிடுத்ததும் தெரபியும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம் என்று பெற்றோர் விலகிப்போவதும் இதே அளவுக்குத் தவறு. இரண்டும் இருப்பது முதலிலேயே தெரிந்தால், மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், பக்கவிளைவு வரலாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வார்கள், வேறு மருந்தையும் யோசித்து வைத்திருப்பார்கள். அந்தப் பரிசோதனை நடந்த ஆண்டில் கையேட்டின் தடை அமலில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் சொல்ல அனுமதி இல்லாத ஒன்றுக்கு மருத்துவர்கள் அப்போதே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

‘பிள்ளைகள்மேல் இத்தனை பெயர்களை ஏற்றுவது சரியா? நெரிசலான வகுப்பில் எந்தப் பிள்ளைதான் அசையாமல் உட்காரும்?’ என்ற ஆட்சேபம் மிகவும் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த ஆட்சேபத்துக்கு ஆதாரமே தருகிறது. செப்டம்பர் முதல் தேதியைப் பள்ளிச் சேர்க்கையின் வயது எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்த பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களைவிட ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படுவது 34 சதவீதம் அதிகமாக இருந்தது. வயதுக்கேற்ற குழந்தைத்தனம் சில நேரம் குறைபாடாகப் பார்க்கப்படுகிறது என்பதுதான் இதன் பொருள். கோயம்புத்தூரில் 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. என்றது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய கேள்வித்தாளை நம்பிய எண் அது. அதையும் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஆட்சேபம் எதை எதிர்க்கிறது என்று யோசித்தால், அவசரத்தில் ஒரு பெயரைச் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறது. என் வாதமும் அதற்கு எதிரானதே. இரண்டையும் சேர்த்து ஆராய்வது என்றால் இரண்டு முத்திரை குத்துவது என்று பொருளல்ல. ஆராய்ந்து பார்த்து ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் அதே கவனம்தான் வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலும் தெரிகிறதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வயதுக்கு மீறியதா என்றெல்லாம் விதிகள் கேட்பது இதற்காகத்தான்.

பெயர் கொடுப்பதில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆகவே இரண்டும் உள்ள பிள்ளைக்குச் சலுகைகளின் கதவைத் திறக்கும் சாவி ஆட்டிசம் மட்டுமே. அதை அளக்கும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. ஏ.டி.எச்.டி.யின் கலகலப்பால் மேலோட்டத்தில் நன்றாகப் பழகுவதுபோல் தெரியும் பிள்ளை அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், சட்டத்தின் கண்ணில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. பல்வல், காங்ரா, டேங்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் என ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான இந்திய ஆய்வு, ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதாவதொரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருப்பதாகவும் கண்டது. ஒன்றுக்கு மேல் இருப்பது விதிவிலக்கல்ல என்று நம் நாட்டுத் தரவே சொல்லும்போது, சான்றிதழ்ப் படிவங்களும் பள்ளிப் பதிவேடுகளும் ஒரே ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஏ.டி.எச்.டி.யைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அதற்குக் காலம் ஆகலாம்; படிவத்தில் இன்னொரு கட்டம் போடுவதற்கு ஆகாது.

பள்ளி இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. டைரியில் புகார் எழுதும் நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்து எழுதிப் பார்க்கலாம்: எத்தனை மணிக்கு எழுந்தான், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, எழுந்து எங்கே போனான். மதிப்பீடு செய்யும் உளவியலாளருக்கு இருபது கேள்விகளின் மதிப்பெண்ணைவிட இந்த மூன்று பத்திகள் அதிகம் சொல்லும். அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் நோட்டு இப்படி இருக்கலாம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விசிறி ஓடத் தொடங்கிய பிறகு கதவுப் பக்கம் போயிருக்கிறான். வியாழக்கிழமை கணக்கு வகுப்பு விசிறி இல்லாத நூலக அறையில் நடக்கிறது; அன்று கதவுப் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை. ஆனால் அதே வியாழக்கிழமைக்கு நேரே ஆசிரியர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: நாற்காலியில் உட்காரவில்லை, ஒரு காலை அதன் மேல் மடித்து வைத்து நின்றபடியே எழுதினான், பென்சில் ஆறு முறை கீழே விழுந்தது, நான்கு கணக்கும் சரி.